க்ராஷ் பாண்டிகூட் என் சேன் ட்ரைலஜி: ஹை ரோடு பாலத்துல தப்பு என் கையிலயா, ஆட்டத்துலயா?

#1 — கடைசிஉயிர்

சண்டைக்கு இழுக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

க்ராஷ்னு ஒரு தாவல் வீடியோ கேம், அதோட முதல் பாகத்தை சின்ன வயசுல அசல் பிளேஸ்டேஷன்ல முடிச்சவன் நான். எல்லா ஜெம்மும் எடுக்கல. ஆனா வில்லன் கார்ட்டெக்ஸைத் தோற்கடிச்சு முடிவைப் பார்த்தாச்சு. அந்தத் தைரியத்துல போன வாரம், முதல் மூணு பாகத்தையும் புதுசா செஞ்சு விட்ட என் சேன் ட்ரைலஜியைப் போட்டு உக்காந்தேன். முதல் தீவு சொகுசா போச்சு. ரெண்டாவது தீவுல ரோடு டு நோவேர் பாலம் லேசா மிரட்டுச்சு. மூணாவது தீவுல பின்ஸ்ட்ரைப்ங்கிற எதிரியை முடிச்சதும் ஹை ரோடு வருதே, அங்க நேத்து ராத்திரி மட்டும் முப்பத்தேழு உயிர் போயிருக்கு. எண்ணிக்கிட்டே இருந்தேன், வேற என்ன செய்றது.

விழுற விதம்தான் என்னைக் குடையுது. பனிமூட்டம், தொங்குபாலம், நடுவுல பலகை இல்லாத இடம். ஓடி வந்து தாவுறேன். கால் அடுத்த பலகையோட ஓரத்துல படுது, அதைக் கண்ணால பாக்குறேன். ஆனா அவன் நிக்கல. எண்ணெய் தடவின மாதிரி ஓரத்துலயே வழுக்கிக் கீழ போயிடுறான். பழைய ஆட்டத்துல இப்படி விழுந்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

எனக்கு வயசாயிடுச்சா, இல்ல உண்மையிலேயே ஏதாவது மாத்தியிருக்காங்களா?

#2 — பழையகேட்ரிட்ஜ்

ரெண்டும்தான் தம்பி.

#3 — கோடுகிறுக்கன்

மாத்தியிருக்காங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

நாட்டி டாக் கம்பெனி 1996-ல செஞ்ச ஆட்டத்தைத் தூசி தட்டி அப்படியே குடுத்த பதிப்பு இல்ல இது. விகேரியஸ் விஷன்ஸ் ஆளுங்க அடியிலேருந்து புதுசா எழுதி 2017 ஜூன் 30 அன்னிக்கு பிளேஸ்டேஷன் 4-க்கு விட்டாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசிக்கு வந்துது. பழைய நிலைகளோட வடிவத் தரவு அவங்க கைக்கு வந்துது. எந்தப் பலகை எங்க, பள்ளம் எவ்வளவு அகலம், எல்லாம் அதுல இருக்கு. ஆனா அவன் எப்படி ஓடணும், எப்படி எழும்பி எப்படி இறங்கணும்னு சொல்ற நிரலை அப்படியே எடுத்துப் போட வழியில்ல. நாட்டி டாக் தங்களுக்குன்னே கூல்னு ஒரு மொழி உண்டாக்கி, லிஸ்ப்ங்கிற பழைய நிரல் மொழி வழியில, ஒரே ஒரு கருவிக்காக எழுதின சங்கதி அது.

அதனால மூணு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே கைப்பழக்கமா இருக்கட்டும்னு மூணாவது பாகமான வார்ப்ட்டோட தாவலை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. ரசிகர்கள் கத்தின கத்துல, வெளியான கொஞ்ச நாள்லயே அவங்க தரப்பே இதை ஒத்துக்கிச்சு: முதல் ஆட்டத்துல பழைய தாவலை விடப் புதுசு சீக்கிரம் கீழ இறங்கும், கூடுதல் துல்லியம் வேணும்னு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பள்ளத்தோட அகலம் 1996-ஐச் சேர்ந்தது. தாவல் 1998-ஐச் சேர்ந்தது. கிணறு வெட்டினவன் ஒருத்தன், கயிறு அளந்தவன் இன்னொருத்தன். அந்த ஒரு முழம் குறையுற இடத்துலதான் நீங்க விழுறீங்க.

ஓரத்துல வழுக்குறதுக்கு வேற காரணம். எதுல மோதுறான், எதுமேல நிக்கிறான்னு கணக்குப் பார்க்க உருவத்தைச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடு இருக்கும். புது ஆட்டத்துல அந்தக் கூடு மாத்திரை மாதிரி, அடிப்பக்கம் உருண்டையா இருக்கு. உருண்டை ஓரத்துல பட்டா உருளத்தானே செய்யும்? பழைய ஆட்டத்துல பாதத்துல பாதி பட்டாலும் நின்னுக்குவான்.

#4 — சும்மாசொல்றேன்

ஒரு சாமானியன் கேள்வி. இவ்வளவு பெரிய வித்தியாசம்னா ஆயிரக்கணக்கான பேரு எப்படி முடிச்சாங்க? நேர ஓட்டத்துல பிளாட்டினம் ரெலிக்ங்கிற உச்சப் பரிசு வரைக்கும் எடுத்தவங்க இருக்காங்க. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல். அவ்வளவுதான்.

சின்ன வயசுல ஒரே டிஸ்க்கை வெச்சுக்கிட்டு லீவு முழுக்க அதையே ஆடினோம். இப்போ ராத்திரி பத்து மணிக்கு மேல அரைமணி நேரம். அந்த நாள்ல நூறு தடவை விழுந்ததெல்லாம் மறந்துபோச்சு, தாண்டின ஒரு தடவை மட்டும் ஞாபகம் இருக்கு.

#5 — நீலஜெம்

#4, நீங்க சொல்றதுல பாதி சரி. ஆனா மேடையும் கோணல்தான், அதையும் ஒத்துக்கணும்.

நான் மூணு ஆட்டத்தையும் வரிசையா முடிச்சேன். ரெண்டாவதும் மூணாவதும் எனக்கு ஒரு குறையும் தெரியல. முதலாவதுலதான் பல்லைக் கடிச்சேன். ஏன்னு பிறகு யோசிச்சப்போ புரிஞ்சுது. ரெண்டாவது பாகத்துல சறுக்கல் இருக்கு. சறுக்கிக்கிட்டே தாவினா கூடுதல் தூரம் போகலாம். மூணாவதுல நடுவழியில இரட்டைத் தாவலே கிடைச்சிடும். தாவல் கொஞ்சம் குட்டையா இருந்தாலும் சமாளிக்கக் கைவசம் வேற சரக்கு இருக்கு. முதல் பாகத்துல என்ன இருக்கு? ஓடலாம், தாவலாம், சுழலலாம். முடிஞ்சுது. அந்த ஒத்தைத் தாவலை நம்பித்தான் ஒவ்வொரு பள்ளத்தையும் வெட்டியிருக்காங்க. அதுல கை வெச்சா அடி முழுக்க முதல் பாகத்துக்குத்தான்.

கடைசிஉயிர், உங்களுக்கு என் அனுபவத்துலேருந்து மூணு விஷயம். பாலத்துல அனலாக் குச்சியைத் தொடாதீங்க, திசைப் பொத்தானை மட்டும் அழுத்துங்க. 1996-ல ஆட்டம் வந்தப்போ கண்ட்ரோலர்ல குச்சியே கிடையாது. நேர்ப் பாதை எல்லாம் எட்டுத் திசைக்குன்னு போட்டது. குச்சி ஒரு மயிரிழை சாஞ்சாலும் அவன் கோணலா ஓடுவான், நமக்கு அது தெரியவே தெரியாது. ரெண்டாவது, தாவுற பட்டனைத் தட்டிட்டு விடாதீங்க, இறங்குற வரைக்கும் அழுத்திப் பிடிங்க. தட்டினா குட்டித் தாவல்தான் வரும். மூணாவது, பலகையோட விளிம்பைக் குறிவெக்காம நடுவைக் குறிவெச்சுத் தாவுங்க. கூடு உருண்டைன்னு தெரிஞ்ச பிறகு விளிம்பை நம்பக் கூடாது.

#6 — கடைசிஉயிர்

திசைப் பொத்தான்! இத்தனை நாளா குச்சியிலதான் ஆடிக்கிட்டிருந்தேன். ராத்திரி பாத்துட்டு வரேன்.

#7 — கயிறுநடை

எல்லாரும் பலகையைப் பத்தியே பேசுறீங்க. பக்கத்துல ரெண்டு கயிறு ஓடுதே, அது மேல ஏறி நடந்து போயிடுங்கய்யா. பழைய ஆட்டத்துலயும் அதான் வழி, இதுலயும் நடக்கும். என்ன, இதுல ஏறி நிக்கிறதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.

#8 — பழையகேட்ரிட்ஜ்

கயிறு மேல நடந்து தாண்டினா தாண்டினதுல சேத்தி இல்ல.

#9 — கயிறுநடை

அண்ணே, கயிறு நிக்கிற மாதிரி வெச்சது அவங்க. நடந்தது மட்டும்தான் நான்.

#10 — கோடுகிறுக்கன்

கயிறு விவகாரத்துக்கு வேற இழை போட்டுக்குங்க, அது முடியாத வழக்கு.

நான் முன்னாடி விட்டுப்போன ஒண்ணு: டிவி. அந்தக் காலத்து குழாய் டிவியில சிக்னல் வர வரப் படம் விழும், நடுவுல நிறுத்தி வெச்சு மெருகேத்துற வேலையே கிடையாது. இப்போ இருக்கிற தட்டை டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, கூர்மை ஏத்தி, நிறம் திருத்தி, அப்புறம்தான் காட்டுது. கேம் மோடைப் போட்டாதான் அந்த வேலைகளை நிறுத்தும். பிளேஸ்டேஷன் 4-லயும் ஸ்விட்ச்லயும் இந்த ஆட்டம் விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம். அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி விநாடி. டிவி ஒரு 70 மில்லி விநாடி தாமதம் பண்ணா, நீங்க பாக்குற க்ராஷ் ஏற்கெனவே ரெண்டு ஃப்ரேம் முன்னாடி இருந்த க்ராஷ். ஓரம் வந்ததைப் பாத்துத் தாவினீங்கன்னா ஓரம் தாண்டிப் போயாச்சு.

பழைய ஆட்டமும் 30 ஃப்ரேம்தான், அதனால ஃப்ரேமைக் குறை சொல்ல முடியாது. பிசியில 60-க்கு ஓடும். அங்க ஆடினவங்க கொஞ்சம் நிம்மதியா இருக்காங்க.

இன்னொண்ணும் இருக்கு. இந்தக் காலத்து தாவல் ஆட்டங்கள்ல காயோட்டி டைம்னு ஒரு சலுகை வெச்சிருப்பாங்க. விளிம்பைத் தாண்டிக் காத்துல கால் வெச்ச பிறகும் சில ஃப்ரேம் வரைக்கும் தாவுறதை ஏத்துக்கும். 2018-ல வந்த செலஸ்ட்ங்கிற ஆட்டத்துல இது இருக்கு, ஆடுறவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. தாங்க ரொம்பத் துல்லியமா ஆடுறோம்னு நினைச்சுக்குவாங்க. அதெல்லாம் ஆடிப் பழகின கையோட ஹை ரோடுக்கு வந்தா அடி விழத்தான் செய்யும். கை மந்தமாகல. தாராளமான கடையில வாங்கிப் பழகிட்டு, எடை பாத்துக் குடுக்கிற கடைக்கு வந்திருக்கீங்க.

#11 — சும்மாசொல்றேன்

சரி, டிவி விஷயத்தை ஒத்துக்குறேன். ஆனா ஒரு பக்கத்தை மட்டும் எழுதினா நியாயம் இல்ல. புதுசுல எவ்வளவு இறக்கம் காட்டியிருக்காங்கன்னும் சொல்லணும்.

பழைய முதல் பாகத்துல நினைச்ச இடத்துல சேமிக்க முடியாது. க்ராஷோட காதலி டாவ்னா முகம் போட்ட மூணு வில்லையைப் பொறுக்கி, போனஸ் ரவுண்டுக்குப் போய், அதை விழாம முடிச்சாதான் சேமிக்கிற திரை வரும். இல்லன்னா ஜெம் எடுக்கணும். போனஸ்ல விழுந்தா வாய்ப்பு போச்சு. மின்சாரம் போனா எல்லாம் போச்சு. ஜெம் எடுக்கணும்னா எல்லாப் பெட்டியையும் ஒரு உயிர்கூடப் போகாம உடைக்கணும். ஒண்ணு விட்டுட்டீங்கன்னா நிலை முடிவுல விட்ட பெட்டியெல்லாம் வரிசையா அவன் தலையில விழும். அந்த "டொக் டொக்" சத்தம் இன்னும் காதுல கேக்குது.

புதுசுல நீங்க எப்போ வேணா சேமிக்கலாம், தானாவும் சேமிச்சுக்கும். சாதா ஜெம்முக்கு செத்தாலும் பரவாயில்ல, பெட்டி எல்லாம் உடைஞ்சிருந்தா போதும். வண்ண ஜெம்முக்கு மட்டும்தான் சாகாம முடிக்கணும்ங்கிற பழைய சட்டம். ஆக, தாவல்ல எடுத்ததைச் சேமிப்புல திருப்பிக் குடுத்துட்டாங்க.

#12 — மெமரிகார்டு

சேமிப்புன்னதும் ஞாபகம் வந்துது. சேமிக்கிற மெமரி கார்டு இல்லாத வீட்டுல பாஸ்வேர்டுதான். முக்கோணம், சதுரம், வட்டம், பெருக்கல்னு நோட்டுல வரைஞ்சு வெச்சுக்கணும். அவசரத்துல நான் போட்ட வட்டம் சதுரம் மாதிரியே இருக்கும். ரெண்டு தீவு போயிருக்கு அதனால.

கார்டைப் பத்தி ஒரு கதை, இழைக்குச் சம்பந்தம் கம்மிதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. முதல் க்ராஷைச் செஞ்சு முடிக்கிற கட்டத்துல சேமிக்கிற நிரல் எப்பவாவது ஒரு தடவை தகராறு பண்ணி கார்டுல இருக்கிறதை அழிச்சிடுமாம். அதை எழுதின டேவ் பேகட் நிரலைப் பாதிப் பாதியா கழட்டிக் கழட்டிப் பாத்து, கடைசியில மிஞ்சினது நேரம் எண்ணுற டைமர். அதை விநாடிக்கு 1000 தடவைன்னு வேகமா வெச்சிருந்தார். அந்த வேகத்துல கார்டைப் படிக்கும்போது கையில கண்ட்ரோலரை ஆட்டினா பிழை வருது, ஆட்டாட்டி வரல. பலகையில ஒரு கம்பியோட மின்சாரம் பக்கத்துக் கம்பியைக் கலக்கியிருக்கு. தப்பு நிரல்ல இல்ல, வன்பொருள்ல. டைமரை 100-க்கு இறக்கினதும் பிழை போச்சு. அவரே பிற்பாடு எழுதியிருக்கார், தான் பிடிச்சதிலேயே கடினமான பிழைன்னு.

அந்த ஆளுங்க அந்தக் கருவியை எவ்வளவு கசக்கிப் பிழிஞ்சிருக்காங்கன்னு பாருங்க. பிரதான நினைவகமே 2 எம்பி. நிலை அதுல அடங்காதுன்னு 64 கேபி துண்டு துண்டா சிடியிலேருந்து ஓட ஓட ஏத்தியிருக்காங்க. க்ராஷ் உடம்பு 512 முக்கோணச் சில்லு, அதுலயும் பெரும்பகுதிக்கு மேல்பூச்சு கிடையாது, வெறும் நிறம். பூச்சு இல்லாத சில்லை வேகமா வரையலாம், அதனால கூடுதல் சில்லு வெச்சு முகபாவம் காட்ட முடிஞ்சுது. புதுப் பதிப்புல ஒவ்வொரு மயிரும் தனித்தனியா ஆடுது. அழகாதான் இருக்கு. ஆனா அந்தப் பழைய மொழுக்குன்னு இருக்கிற ஆரஞ்சு முகம் காட்டின திமிரு இதுல கொஞ்சம் கம்மின்னு எனக்குப் படும்.

#13 — புதுசா_வந்தவன்

ஸ்விட்ச்ல வாங்கலாமா, நல்லா ஓடுமா?

#14 — நீலஜெம்

வாங்கலாம். படம் கொஞ்சம் மங்கல், ஆட்டம் ஒண்ணுதான். கையில வெச்சு ஆடுறதால டிவி தாமதத் தொல்லை இல்ல. முதல் பாகத்தை முதல்ல ஆடாதீங்க, மூணாவதுலேருந்து ஆரம்பிங்க.

#15 — பழையகேட்ரிட்ஜ்

தாவல் மாறின சண்டை க்ராஷோட ஆரம்பிச்சது இல்ல. 1993-ல சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ் வந்துது. நின்டெண்டோவோட பழைய என்இஎஸ் கருவியில வந்த மாரியோ ஆட்டங்களைப் புதுப் படத்தோட சூப்பர் நின்டெண்டோவுக்கு மறுபடி செஞ்ச தொகுப்பு. அதுல முதல் மாரியோவை ஆடினவங்களுக்கு ஒரு நெருடல். அசல்ல தலையால செங்கல்லை உடைச்சா மாரியோ உடனே கீழ திரும்புவான். ஆல்-ஸ்டார்ஸ்ல உடைச்ச பிறகும் மேலயே போவான். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு பிழை. ஆனா பல வருஷமா செங்கல் உடைச்ச கட்டைவிரலுக்கு அது செருப்பு மாறின மாதிரி.

நான் சொல்ல வர்றது, கண்ணு எதையும் ஏத்துக்கும். படத்தை எவ்வளவு வேணா மாத்துங்க, ரெண்டு நிமிஷத்துல பழகிடும். விரல் ஏத்துக்காது. தாவல் ஆட்டத்துல ஆட்டமே விரல்லதான் இருக்கு.

#16 — கோடுகிறுக்கன்

ஆமாண்ணே. அதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கு. 2020-ல வந்த சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்ல மாரியோ 64-ஐக் கிட்டத்தட்ட அப்படியே எமுலேட் பண்ணி, அதாவது பழைய கருவி மாதிரியே புதுக் கருவியை நடிக்க வெச்சுக் குடுத்தாங்க. தாவல் 1996-ல எப்படியோ அப்படியே. அதுக்கும் திட்டு விழுந்துது, கேமரா முரண்டு பிடிக்குது, படம் அகலத் திரைக்கு விரியலன்னு. அதோட 2021 மார்ச் 31-க்கு மேல விக்க மாட்டோம்னு வேற எடுத்துட்டாங்க. மாத்தினாலும் வம்பு, மாத்தாட்டியும் வம்பு. என் கட்சி என்னன்னா, ரெண்டையும் ஒரே பெட்டியில வெச்சுக் குடுங்க. அசல் ஆட்டம் ஒரு மெனுவுக்குள்ள இருந்திருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இன்னிக்கு 1996-ன் தாவலை நியாயமான வழியில தொட்டுப் பாக்கணும்னா பழைய பதிப்பைத்தான் தேடணும்.

#17 — சும்மாசொல்றேன்

இவ்வளவு பேசிட்டு ஸ்டார்மி அசெண்டைச் சொல்லாம விட்டீங்களே. முதல் பாகத்துக்காகச் செஞ்சு, ரொம்பக் கஷ்டம்னு நாட்டி டாக்கே ஓரங்கட்டின நிலை. டிஸ்க்குக்குள்ளயே கிடந்துது, கேம்ஷார்க் மாதிரி ஏமாத்துக் கருவி வெச்சிருந்தவங்க மட்டும் உள்ள போய்ப் பாத்தாங்க. 2017 ஜூலையில அதையும் புதுசா செஞ்சு விட்டாங்க. முதல் பாகத்துல இருக்கிற ஸ்லிப்பரி க்ளைம்ப் நிலையோட அண்ணன். சுவத்துலேருந்து நீண்டு உள்ள போற படிக்கட்டு, மழை, ஓய்வே இல்லாத நீளம். அதைக் குட்டைத் தாவலோட தாண்டணும்.

நான் தாண்டலன்னு சொல்லிக்கிறேன். என்னை மட்டும் யாரும் கேக்காதீங்க.

#18 — கயிறுநடை

#4-ல என்னமோ மேடை கோணல்னு யாரோ சொன்னாங்களே.

#19 — சும்மாசொல்றேன்

போங்கய்யா.

#20 — கடைசிஉயிர்

ரெண்டு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். ஒரு வேலை செஞ்சேன்.

முதல்ல டிவியில கேம் மோடைப் போட்டேன், இத்தனை நாளா அது அணைஞ்சே கிடந்திருக்கு. குச்சியை விட்டுட்டுத் திசைப் பொத்தானுக்கு வந்தேன். எட்டாவது உயிர்ல ஹை ரோடைத் தாண்டிட்டேன். கயிறு மேல ஏறல, அண்ணன் கவனிக்கவும். கடைசிக்கு முன்னாடி ஒரு ஆமை வரும், அதைக் கவுத்துப் போட்டு அது வயித்து மேல துள்ளித்தான் அந்தப் பக்கம் போகணும். அங்க பட்டனை அழுத்திப் பிடிச்ச கட்டைவிரல் வெளுத்துப்போய் நகக்கண் வரைக்கும் வலிச்சுது. இறங்கினப்போ பலகை நடுவுல பொத்துனு நின்னான். சத்தம் போட்டுட்டேன், பக்கத்து அறையிலேருந்து திட்டு.

அதோட விட்டிருக்கலாம். ஆனா #4 சொன்னது முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துது. நண்பன் ஒருத்தன்கிட்ட பழைய பிளேஸ்டேஷன், டிஸ்க், ஒரு குண்டு டிவி எல்லாம் அப்படியே இருக்கு. போய் உக்காந்தேன். நேரா ஹை ரோடுக்குப் போக முடியாதே, அவனோட கார்டுல சேமிப்பு இருந்ததால தப்பிச்சேன்.

தாவலைப் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. உச்சியில ஒரு கண்ணிமைக்கிற நேரம் மிதக்கிறான், அதுக்குள்ள எங்க இறங்கணும்னு திருத்திக்க முடியுது. ஓரத்துல கால் பட்டு நின்னுச்சு, ரெண்டு தடவை வேணும்னே செஞ்சு பாத்தேன்.

ஆனா விழுந்தேன். பதினாலு தடவை. அதே பாலத்துல, அதே ஆமைகிட்ட. அதுல ஒம்போது தடவை தாவுறதுக்கு முன்னாடியே, நின்ன பலகை உடைஞ்சு விழுந்தது. எந்தப் பலகை உடையும்னு எனக்கு அப்போ மனப்பாடமா தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

#21 — சும்மாசொல்றேன்

நான் ஒண்ணும் சொல்லல.

#22 — நீலஜெம்

பதினாலாவதுல தாண்டினீங்களா?

#23 — கடைசிஉயிர்

இல்லக்கா. பதினாலோட உயிர் தீந்துபோச்சு. அவன் கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கிட்டு கயிறு மேல ஏறி நடந்து போய்க் காட்டினான்.

#24 — கயிறுநடை

அந்த நண்பர் பேரைச் சொல்லுங்க, மரியாதை செய்யணும்.